நீக்கலும் ஆய்வே

இது நெடிய பதிவு. கணினியியல் பயில்வோரையும் மொழியியல் பயில்வோரையும் ஒருங்கே முன்னிலைப்படுத்தி எழுதுகிறேன். உடன்படாதோர் விரிவாக மறுத்தெழுதினால் மகிழ்வேன்.

சென்ற மாதம் என் ஆய்வு முன்னேற்றத்தை மதிப்பிடும் கூட்டம் நடைபெற்றது. லினக்ஸ் கெர்னலில் பேஜ் கேஷைக் கையாளும் நிரற்பகுதி கடந்த இருபது ஆண்டுகளில் எவ்வாறு எளிமையாக்கப்பட்டது, அதில் பெயரிடலின் பங்கு யாது என்பன குறித்து இருபது நிமிடம் பேசினேன். பேசி முடித்ததும் மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டார்: "நீங்கள் காட்டியவை யாவும் இருந்ததை எடுத்துவிட்ட செய்திகள். வரிகளை நீக்கியிருக்கிறார்கள், பெயர்களை மாற்றியிருக்கிறார்கள். இதில் புதுமை எங்கே?" அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. என் நலம் கருதியே கேட்டார். ஆயினும் மற்றவர்கள் தலையசைத்தார்கள். அறிக்கையில் "புதுமை போதாது" என்று எழுதப்பட்டது. நிறுவனத்தின் பெயரோ அவர் பெயரோ இங்குத் தேவையில்லை. இக்கேள்வி இன்று நம் நாட்டில் எந்தத் துறையின் எந்தக் கூட்டத்திலும் எழக்கூடியது.

அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. இடப்பள்ளியில் மெட்ரோவை விட்டிறங்கி அறைக்கு நடந்துவரும் வழியில்தான் சொல்லியிருக்க வேண்டியவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவற்றை இங்கே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: பெருநிரல் ஒன்றை எளிமையாக்குவது அறிவுப்பணி; அதனை ஆய்வென ஏற்க மறுக்கும் மனப்பான்மை நம் பல்கலைக்கழகங்களின் குறை; அம்மனப்பான்மை தமிழிலக்கண மரபுக்கும் அயலானது.

துறைக்குப் புறத்தே உள்ளோர்க்காகப் பொருளைச் சற்று விளக்குகிறேன். இங்கிருந்து தென்மேற்கே மட்டாஞ்சேரி. அங்கே காயலை ஒட்டிய கடைத்தெருவில் பழைய பண்டகசாலைகளை இன்றும் காணலாம். மிளகு வேண்டிய ஒவ்வொருவரும் இடுக்கி மலைக்கு ஏறிச் செல்வதில்லை. சரக்கு பண்டகசாலைக்கு வந்து சேரும். வணிகர் அங்கிருந்து எடுத்துச் செல்வர். பேஜ் கேஷ் என்பது கெர்னலின் பண்டகசாலை. வட்டிலிருந்து படித்த கோப்பின் பகுதிகளைக் கெர்னல் நினைவகத்தில் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்கிறது. பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4096 பைட். அதே பகுதியை மீண்டும் யாரேனும் கேட்டால் வட்டை நாடாமல் நினைவகத்திலிருந்தே தருகிறது. எழுதும்போதும் அவ்வாறே. எழுதியது முதலில் நினைவகப் பக்கத்தில் பதிகிறது. அப்பக்கம் 'அழுக்கானது' என்று குறிக்கப்படுகிறது. வட்டுக்குப் பின்னர்தான் அனுப்பப்படுகிறது. இயல்பான அமைப்பில், அழுக்காகி 30 வினாடி கடந்த பக்கம் வட்டில் எழுதப்படுவதற்கு உரியதாகிறது. லினக்ஸ் கணினியில் 'ஃப்ரீ' என்னும் கட்டளையை இட்டுப் பாருங்கள். 'பஃப்/கேஷ்' என்னும் நெடுவரிசையில் காண்பது பெரும்பாலும் இப்பண்டகசாலையின் இருப்பே.

ஆண்ட்ராய்டு கைப்பேசி, வங்கியின் சர்வர், கேரளப் பள்ளிகளில் ஓடும் கைட் க்னூ/லினக்ஸ் ஆகிய அனைத்திலும் உள்ளது இதே நிரற்பகுதிதான். இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் முதலிய கோப்பு முறைமைகள் யாவும் இதன் வழியாகவே தரவைப் பெறுகின்றன, தருகின்றன. ஆகவே இங்கு ஒரு விதி மயக்கமாக இருந்தால் அம்மயக்கம் ஒவ்வொரு கோப்பு முறைமையிலும் பிரதியாகும்.

இனி நன்னூலுக்கு வருகிறேன். பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து, வேண்டிய அழகுகள் பத்து எனப் பாயிரத்தில் வகுத்தார். மொழியியல் முதுகலை பயின்றபோது இப்பட்டியலைத் தேர்வுக்காக நெட்டுருச் செய்தேன். பின்னாளில் கெர்னலின் மாற்ற வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது அது வேறு பயன் தந்தது. பேஜ் கேஷில் நிகழ்ந்த முதன்மையான எளிமையாக்கங்கள் மூன்றும் அவர் சுட்டிய குற்றங்களுள் மூன்றை நீக்கிய செயல்கள்.

முதலாவது, கூறியது கூறல். தொடக்கக் கால யூனிக்ஸில் பஃபர் கேஷ் மட்டுமே இருந்தது. அது வட்டின் தொகுதி எண்ணைக் கொண்டு தரவைத் தேடும். கோப்பை நினைவக முகவரிகளோடு நேரடியாகப் பிணைக்கும் வசதி வந்தபோது, கோப்பையும் அதனுள் உள்ள இடத்தையும் கொண்டு தேடும் பேஜ் கேஷ் தேவைப்பட்டது. பழையதை அகற்றாமல் புதியதை அருகில் வைத்தார்கள். விளைவாக ஒரே கோப்பின் ஒரே பகுதிக்கு நினைவகத்தில் இரண்டு படிகள் இருக்க நேர்ந்தது. ஒன்றில் எழுதினால் மற்றதையும் திருத்த வேண்டும். திருத்தத் தவறினால் ஒரே கோப்பு இருவருக்கு இருவகையாகத் தோன்றும். சன் நிறுவனம் 1988இல் வந்த சன்ஓஎஸ் 4.0இல் இரண்டையும் ஒன்றாக்கியது. லினக்ஸ் 2.2 வரிசையிலும் இவ்விரட்டைப் பதிவு இருந்தது. 2001 ஜனவரியில் வெளிவந்த 2.4 வரிசை கோப்புத் தரவைப் பொறுத்தவரை அதனை ஒழித்தது. நெட்பிஎஸ்டியில் இதே ஒன்றாக்கத்தைச் செய்த சக் சில்வர்ஸ், அதனை 2000ஆம் ஆண்டு யூசெனிக்ஸ் மாநாட்டில் கட்டுரையாக அளித்தார். இரண்டை ஒன்றாக்கியதே அக்கட்டுரையின் பொருள். எனக்கு இடப்பட்ட கேள்வியை அவரிடமும் கேட்டிருந்தால் அக்கட்டுரை வெளிவந்திராது.

இரண்டாவது, மிகைபடக் கூறல். கெர்னலில் 'பேஜ் சைஸ்' என்றொரு மாறிலி உண்டு. 'பேஜ் கேஷ் சைஸ்' என்று மற்றொன்றும் நெடுங்காலம் இருந்தது. என்றேனும் ஒருநாள் கேஷின் அலகைப் பக்கத்தைவிடப் பெரிதாக்குவோம் என்னும் எதிர்பார்ப்பில் வைக்கப்பட்ட பெயர் அது. அந்நாள் அவ்வழியில் வரவேயில்லை. இரண்டின் மதிப்பும் எப்போதும் ஒன்றாகவே இருந்தது. ஆயினும் நிரலாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரியிலும் இவ்விடத்தில் எதனை எழுத வேண்டும் என்று தயங்க வேண்டியிருந்தது. சிலர் ஒன்றை எழுதினர். சிலர் மற்றதை எழுதினர். சிலர் ஒரே செயற்கூற்றில் இரண்டையும் கலந்தனர். படிப்பவரோ, இரு சொற்கள் உள்ளமையால் இரு பொருள்கள் இருக்க வேண்டும் என்று கருதி, இல்லாத வேறுபாட்டைத் தேடினார். மொழியியலார்க்கு இது பழகிய நிகழ்வு. ஒருபொருட் பன்மொழியை மொழி நெடுநாள் தாங்குவதில்லை. பேசுவோர் அவற்றிடையே ஏதேனும் பொருள் வேற்றுமையைக் கற்பித்துவிடுவர். 2016இல் கிரில் ஷுதெமோவ் இம்மாறிலியையும் அதன் உறவுப் பெயர்களையும் கெர்னல் முழுவதிலும் நீக்கினார், 4.6ஆம் பதிப்பில் அம்மாற்றம் சேர்ந்தது. கணினியின் செயலில் எவ்வேறுபாடும் இல்லை. படிப்பவரின் சுமை குறைந்தது.

மூன்றாவதும் பெரிதுமான குற்றம், மயங்க வைத்தல். கெர்னலில் ஒரு நினைவகப் பக்கத்தைக் குறிக்கும் தரவு வகையின் பெயர் 'பேஜ்'. பல பக்கங்களைப் பிணைத்துக் கூட்டுப் பக்கம் ஒன்றை ஆக்கலாம். அப்போது முதலில் உள்ளது தலைப்பக்கம், எஞ்சியவை வால்பக்கங்கள். சிக்கல் யாதெனில், தனிப்பக்கம், தலைப்பக்கம், வால்பக்கம் மூன்றுக்கும் வகைப்பெயர் ஒன்றே. ஒரு செயற்கூற்றுக்குப் 'பேஜ்' ஒன்று கொடுக்கப்பட்டால், அது மூன்றனுள் எது என்று அதற்குத் தெரியாது. வால்பக்கம் வரலாமா, வந்தால் தலையைத் தேட வேண்டுமா, அழைத்தவர் முன்னமே தேடிவிட்டாரா என்பவை எழுதியவரின் நினைவில் மட்டுமே இருந்தன. ஆகவே அச்சத்தால் ஒவ்வொரு செயற்கூறும் தன் பங்குக்குத் தலையைத் தேடியது. ஒரே வினா ஓர் அழைப்புச் சங்கிலியில் பலமுறை வினவப்பட்டது.

'படி' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். ஏறும் படி, அளக்கும் படி, கோப்பின் படி, பாடம் படி. மனிதர்க்குச் சூழல் துணை செய்கிறது. ஒரு வாக்கியத்தில் எந்தப் படி என்று எவரும் மயங்குவதில்லை. கம்பைலருக்கு அத்தகைய சூழலறிவு இல்லை. வகைப்பெயர் சொல்வது மட்டுமே அது அறிந்தது.

மேத்யூ வில்காக்ஸ் 2020இன் இறுதியில் முன்மொழிந்த 'ஃபோலியோ' இதற்கான தீர்வு. ஃபோலியோ என்பது ஒருபோதும் வால்பக்கமாகாத ஒன்று. வரையறை அவ்வளவே. ஒரு செயற்கூறு ஃபோலியோவைக் கேட்டால், வந்தது முழுமையான ஓர் அலகு என்பது உறுதி. தலையைத் தேட வேண்டியதில்லை. வால்பக்கத்தைத் தவறாகக் கொடுக்க முயன்றால் நிரல் ஓடுவதற்கு முன்பே, கம்பைல் செய்யும்போதே தடை விழும். நிரலாளரின் நினைவில் வாய்மொழியாக வாழ்ந்த விதி, மொழியின் இலக்கணத்துள் எழுதப்பட்டுவிட்டது. ஓர் இலக்கண மாணவராக இதைவிடத் தெளிவான கண்டுபிடிப்பு ஒன்றை நான் கெர்னலில் கண்டதில்லை. இதற்கு 'புதுமை போதாது' என்று எழுத எவ்வாறு கை வருகிறது?

இம்மாற்றம் எளிதில் ஏற்கப்படவுமில்லை. நினைவக மேலாண்மையில் தேர்ந்த சிலர் கடுமையாக மறுத்தனர், பெயர் குறித்தே நெடிய வாதம் நடந்தது, 5.15ஆம் பதிப்புக்கு அனுப்பப்பட்டது ஏற்கப்படாமல் நின்று, 2022 ஜனவரியில் வந்த 5.16இல்தான் இடம்பெற்றது. அவ்வாதங்கள் அனைத்தும் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றைப் படித்தோர், ஒரு கருத்துருவின் எல்லையை வரையறுக்க அறிஞர்கள் போராடும் காட்சியையே காண்பர். நம் கருத்தரங்குகளில் இத்தகைய காட்சியை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

எளிமையாக்கல் வெறும் அழகியல், பயன் யாது என்று வினவுவோர்க்கும் விடை உண்டு. அலகு தெளிவானபின், பல பக்கங்களை ஒரே ஃபோலியோவாகக் கொள்வது இயன்றது. 64 கிலோபைட் தரவை 16 பக்கங்களாகப் பிரித்து 16 முறை பூட்டித் திறப்பதற்கு மாறாக ஒரே அலகாகக் கையாளலாம். எக்ஸ்எஃப்எஸ் 2022இல் 5.18ஆம் பதிப்பிலிருந்து இவ்வசதியைப் பெற்றது. இஎக்ஸ்டி4 2025இல் 6.16ஆம் பதிப்பில் பெற்றது. முன்பு 'பேஜ் கேஷ் சைஸ்' என்னும் வெறும் பெயர் வாக்களித்து நிறைவேற்றாததை, தெளிந்த வரையறை ஒன்று நிறைவேற்றியது.

நம் நாட்டுச் சான்று ஒன்றும் தருகிறேன். கோப்பு முறைமைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே எழுதிவைத்திருந்த படித்தல், எழுதுதல் வழிகளைப் பொதுவாக்கும் 'ஐஓமேப்' என்னும் பகுதியை, எக்ஸ்எஃப்எஸ் நிரலிலிருந்து பிரித்தெடுத்துக் கிறிஸ்டோஃப் ஹெல்விக் 2016இல் அளித்தார். அதில் ஒரு குறை இருந்தது. ஐபிஎம்மின் பவர் கணினிகளில் நினைவகப் பக்கம் 64 கிலோபைட். கோப்பு முறைமையின் தொகுதியோ 4 கிலோபைட். பக்கத்தில் ஒரு தொகுதி மட்டும் அழுக்கானாலும் முழுப் பக்கமும் வட்டில் எழுதப்பட்டது. அதாவது 16 மடங்கு வீண் எழுத்து. ஐபிஎம்மின் ரித்தேஷ் ஹர்ஜானி, எந்தத் தொகுதி அழுக்கு என்று தனித்தனியே குறித்துவைக்கும் திருத்தத்தை எழுதினார்; அது 2023 அக்டோபரில் வந்த 6.6இல் இடம்பெற்றது. சோதனையில் எழுதும் வேகம் ஏறக்குறைய 16 மடங்கு உயர்ந்தது.

என் ஆய்வுக்கு உரியது அத்திருத்தத் தொடரின் வரிசைமுறை. அவர் முதலில் செய்தது பெயர் மாற்றம். 'ஐஓமேப் பேஜ்' என்று வழங்கிய தரவு அமைப்பு உண்மையில் பக்கமன்று. ஒரு ஃபோலியோவின் நிலையைக் குறித்துவைக்கும் ஏடு. ஆகவே அதற்கு 'ஐஓமேப் ஃபோலியோ ஸ்டேட்' என்று பெயரிட்டார். பெயர் திருந்தியபின், அந்நிலை ஏட்டில் அழுக்கையும் குறித்துவைப்பது இயல்பான அடுத்த படியாகத் தோன்றுகிறது. பன்முறை திருத்தி, மறுப்புகளுக்கு விடையளித்து இறுதி வடிவத்துக்கு அவர் கொண்டுவந்தார். நம் கூட்டத்தில் இதனை அளித்திருந்தால் வேகத்தைக் காட்டும் வரைபடத்தை மட்டும் பாராட்டி, பெயர் மாற்றத்தைத் 'தட்டச்சு வேலை' என்று தள்ளியிருப்பார்கள்.

மயக்கத்தின் விலை யாது என்பதற்கும் சான்றுண்டு. 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர்கள் அதிர்ச்சியான உண்மை ஒன்றை எதிர்கொண்டனர். வட்டில் எழுதும் முயற்சி தோற்றபின், கெர்னல் அப்பக்கத்தைத் 'தூய்மையானது' என்று குறித்துவிடக்கூடும். பிழையை ஒருமுறை மட்டும் சொல்லும். தரவுத்தளம் 'எஃப்சிங்க்' அழைப்பை மீண்டும் இட்டால் வெற்றி என்று விடை வரும். தரவோ வட்டில் இராது. மீண்டும் முயன்றால் மீண்டும் எழுதப்படும் என்று தரவுத்தளத்தார் பல்லாண்டுகளாக நம்பியிருந்தனர். கெர்னலார் அவ்வாறு வாக்களிக்கவே இல்லை. இருதரப்பும் ஒரே சொல்லை இருபொருளில் ஆண்டன. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளில் போஸ்ட்கிரெஸ், எஃப்சிங்க் தோற்றால் இயக்கத்தை நிறுத்திப் பதிவேட்டிலிருந்து மீளும் முறைக்கு மாறியது. தம் பணம் எந்த ஏட்டில் எழுதப்பட்டுள்ளது என்று அறியாத கோடிக்கணக்கானோர்க்கு இது தட்டச்சு வேலையன்று.

எதிர்வாதங்களை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். அவற்றுள் வலியது ஒன்று: வேலை செய்வதைத் தொடாதே; எளிமையாக்கப் போய்ப் புதுப்பிழை புகுந்துவிடும். இதற்கு என்னிடமுள்ள சான்றே என் தரப்புக்கு எதிரானது. 2022 மார்ச் 7 அன்று மேக்ஸ் கெல்லர்மேன் 'டர்ட்டி பைப்' என்னும் குறைபாட்டை வெளியிட்டார். ஒரு கோப்பைப் படிக்கும் உரிமை மட்டுமே உடைய பயனர், பேஜ் கேஷில் உள்ள அதன் பக்கத்தின்மேல் எழுதிவிட முடிந்தது. வட்டில் உள்ள கோப்பு மாறாது. ஆனால் அனைவரும் படிப்பது பண்டகசாலையிலுள்ள போலிச் சரக்கை. முழு ஆளுரிமையைக் கைப்பற்ற அதுவே போதும். சிதைந்து வந்த பதிவுக் கோப்புகளின் காரணத்தைத் துரத்திச் சென்று அவர் இதனைக் கண்டார்.

வேர் எங்கே இருந்தது? 2016இல் சேர்ந்த ஒரு மாற்றத்தில் கொடிப்புலம் ஒன்றுக்குத் தொடக்க மதிப்பு இடப்படவில்லை. அப்போது அது தீங்கற்ற பிழை. 2020இல் 5.8ஆம் பதிப்புக்காக, ஒத்த சில அமைப்புகளை ஒன்றாக்கிய எளிமையாக்கல் ஒன்று, அதே கொடிப்புலத்துக்குப் புதிய பொருள் தந்தது. உறங்கிக் கிடந்த பிழை உயிர்பெற்றது. ஆம், எளிமையாக்கலே கதவைத் திறந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

இதிலிருந்து 'ஆகவே எளிமையாக்காதே' என்னும் முடிவு பெறப்படுமா? ஒன்றாக்கலின் முன்நிபந்தனை, எல்லா இடங்களிலும் அக்கொடிக்குத் தொடக்க மதிப்பு இடப்பட்டிருக்க வேண்டும் என்பது. அந்நிபந்தனையை எழுதிவைத்துச் சரிபார்க்கும் முறை இல்லாமற் போயிற்று. ஒரு விதியை நீக்குமுன் அவ்விதியை நம்பி நிற்பவை யாவை என்று முழுமையாகக் கண்டறிவது எவ்வாறு? இது திறந்த ஆய்வுவினா. கணிதமும் கணினியியலும் மொழியியலும் சேர்ந்து விடைகாண வேண்டிய வினா. எளிமையாக்கலைக் கைவினை என்று ஒதுக்கிவைத்தமையால் அவ்வினாவைப் பல்கலைக்கழகங்களில் கேட்போர் குறைவு. டர்ட்டி பைப் என் தரப்பை வீழ்த்தவில்லை. எளிமையாக்கல் ஆய்வு முறையோடு செய்யப்பட வேண்டிய பணி என்பதை மெய்ப்பிக்கிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எளிமையாக்கல் இடைக்காலத்தில் சிக்கலைக் கூட்டும். ஃபோலியோ வந்த பின்னும் பழைய 'பேஜ்' செயற்கூறுகள் பல ஆண்டுகள் உடனிருந்தன. புதிதாகப் படிக்க வந்தோர் இரு வழக்குகளையும் கற்க நேர்ந்தது. பாதியில் கைவிடப்படும் எளிமையாக்கல், தொடாமல் விட்டதைவிடத் தீயது. இதுவும் மதிப்பிட்டு அறியத்தக்க செய்தியே.

இரண்டாம் எதிர்வாதம்: இது பொறியியல், ஆய்வன்று, நிறுவனங்கள் செய்யட்டும். நிறுவனங்கள் செய்கின்றன. ஆனால் நிறுவனத்தின் நோக்கம் நிரலைத் திருத்துவதோடு முடிந்துவிடும். ஏன் திருந்தியது, எவ்வகைத் திருத்தங்கள் நிலைத்தன, எவை மீண்டும் சிதைந்தன என்று தொகுத்து உரைப்பது யார் கடன்? அக்கடனை நாம் செலுத்தாமையின் விளைவு வகுப்பறையில் தெரிகிறது. லினக்ஸ் கெர்னல் குறித்து நம் நூலகங்களில் பெரிதும் புழங்கும் நூல்களுள் ஒன்றான போவெட், செசாட்டி எழுதியதன் மூன்றாம் பதிப்பு 2005இல் வந்தது, 2.6.11ஐ விளக்குவது. ராபர்ட் லவ் எழுதியதன் மூன்றாம் பதிப்பு 2010இல் வந்தது. இவற்றைக் கொண்டு பயிலும் மாணவர், பஃபர் ஹெட் என்னும் பழைய அமைப்பைக் கோப்பு முறைமையின் உயிர்நாடி என்றே கற்கிறார். 2023இலோ அப்பகுதியே இன்றிக் கெர்னலைக் கட்டும் வழி வந்துவிட்டது. நீக்கப்பட்டதை நாம் கற்பிக்கிறோம். நீக்கிய காரணத்தைக் கற்பிப்பதில்லை.

இனித் தமிழ் மரபுக்கு வருகிறேன். தொல்காப்பியத்தின் மரபியல் நூலை முதனூல், வழிநூல் என இரண்டாக வகுக்கிறது. வழிநூலை நால்வகையாகப் பகுக்கும்போது முதலில் வைப்பது தொகுத்தலை. விரிந்து கிடந்ததைச் சுருக்கி, பயில்வோர்க்கு ஏற்பத் தருவது தனியொரு நூல்வகை. அதனை இயற்றியவர் நூலாசிரியரே. விரித்தலும் உண்டு, தொகைவிரியும் உண்டு, மொழிபெயர்ப்பும் உண்டு. ஆனால் தொகுத்தல் இவற்றிற்குக் குறைந்ததாக வைக்கப்படவில்லை. தொல்காப்பியத்தின் எழுத்தும் சொல்லும் நன்னூலில் சுருங்கின. அதனால் பவணந்தியாரை எவரும் 'புதுமை போதாதவர்' என்று ஒதுக்கவில்லை. பல நூற்றாண்டுகள் தமிழ் மாணவர் இலக்கணம் கற்றது பெரிதும் அவ்வழிநூலின் வழியாகவே. சுருங்கச் சொல்லலை நூலின் அழகென்று எண்ணிய மரபில் வந்த நாம், இன்று விரித்தவர்க்கு மட்டும் பட்டம் தருகிறோம்.

விதி நம்மைக் கட்டுப்படுத்துகிறது என்றும் சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள், ஆய்வேட்டுக்கு முன் ஆய்விதழில் கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும் என்னும் பழைய கட்டாயத்தை நீக்கின. எண்ணிக்கைக்காகப் புதிது புதிதாகச் சேர்க்க வேண்டிய நெருக்கடி ஏட்டளவில் தளர்ந்தது. துறைக் கூட்டங்களில் மனம் தளரவில்லை. விதி போனபின்னும் அவ்விதியை நம்பி எழுதப்பட்ட நிரல் ஓடிக்கொண்டேயிருக்கிறது.

இம்மண்ணில் வேறொரு வாய்ப்பும் உண்டு. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கப்பட்டது திருவனந்தபுரத்தில். கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதில் கேரளம் முன்னணியில் நின்றது. ஆயினும் மூலநிரல் திறந்திருப்பதன் முழுப்பயன் அதனை இலவசமாக ஓட்டுவதில் இல்லை, படிப்பதில் உள்ளது. 2005 ஏப்ரல் முதல் கெர்னலில் நிகழ்ந்த ஒவ்வொரு மாற்றமும், செய்தவர் பெயரோடும் காரணத்தோடும் கிட் களஞ்சியத்தில் கிடைக்கிறது. எந்த இலக்கியத்துக்கும் இத்தகைய திருத்த வரலாறு கிடைத்ததில்லை. தொல்காப்பியத்தின் ஒரு நூற்பா ஏன் அவ்வாறு அமைந்தது என்று உரையாசிரியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டனர். இங்கோ வரியை நீக்கியவரே காரணத்தை எழுதிவைத்திருக்கிறார். படிக்கத்தான் ஆளில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று.

ஆசிரியர்களுக்கு: இயங்குதளப் பாடத்தில் ஒரு பருவத்துக்கு ஒருமுறையேனும், மாணவர் புதிதாக எழுதும் பயிற்சிக்கு மாற்றாக, கெர்னலில் வரிகளை நீக்கிய மாற்றம் ஒன்றைக் கொடுத்து, எந்த நம்பிக்கையின்பேரில் அவை நீக்கப்பட்டன, அந்நம்பிக்கை எங்கெங்கே பொய்க்கக்கூடும் என்று எழுதச் சொல்லுங்கள். 'பேஜ் கேஷ் சைஸ்' நீக்கத்தில் தொடங்கலாம். டர்ட்டி பைப்பில் முடிக்கலாம்.

மதிப்பீட்டாளர்களுக்கு: "என்ன சேர்த்தீர்கள்?" என்று கேட்பதோடு நில்லாது, "எதை நீக்கினீர்கள்? அது தேவையற்றது என்று எவ்வாறு நிறுவினீர்கள்?" என்றும் கேளுங்கள். இரண்டாம் வினாவுக்கு விடையளிப்பது கடினம். தேர்வு கடினமாக இருக்கட்டும். தேர்வே இல்லை என்று சொல்லாதீர்கள்.

என்னைப் போன்ற ஆய்வு மாணவர்க்கு: பிறர் நீக்கியதைப் படிப்பதற்கு நாணாதீர்கள். அறிக்கையில் எதிர்மறையாக ஒரு வரி வரும். வந்தால் வரட்டும்.

அடுத்த மதிப்பீட்டுக் கூட்டம் ஆறு மாதம் கழித்து நடைபெறும். அதே பொருளையே மீண்டும் எடுத்துச் செல்லவிருக்கிறேன். சென்ற முறை நாற்பது பட விளக்கங்கள் இருந்தன, இம்முறை பன்னிரண்டு. முதற் பக்கத்தில் பஃபர் கேஷும் பேஜ் கேஷும் ஒன்றான கதை, இறுதிப் பக்கத்தில் டர்ட்டி பைப். அதே வினா எழுந்தால் சொல்ல விடை இருக்கிறது. எழாவிடில், எடுத்துவிட்ட இருபத்தெட்டையும் ஏன் எடுத்தேன் என்று நானே விளக்கத் தொடங்குவேன்.

இடப்பள்ளி, கொச்சி.